அடுக்களை, முஸல்லா, தொட்டில்: பூனைக்கு எல்லை வகுப்பது எப்படி?



பூனை வளரும் வீடுகளில் அடிக்கடி எழும் புகார்கள் மூன்று. சமையல் மேடையில் ஏறி மீன் சட்டியை உருட்டுகிறது. தொழுகை விரிப்பில் சுருண்டு படுத்து உரோமத்தைக் கொட்டிவிட்டுப் போகிறது. குழந்தையின் தொட்டிலில் ஏறப் பார்க்கிறது. "அடித்தும் பார்த்தோம், தண்ணீர் தெளித்தும் பார்த்தோம், திருந்தவில்லையே, என்ன செய்வது?" என்று கேட்போர் பலர். அவர்களுள் சிலருக்கு இறுதியில் தோன்றும் வழி, ஒரு கோணிப்பையும் தொலைவிலுள்ள ஏதேனும் ஒரு சந்தையும்தான்.

அந்தக் கோணிப்பையைக் கையில் எடுக்கும் முன்னர் நாம் சிந்திக்க வேண்டியவை சில உண்டு.

கொல்லை மறைந்தது, பூனை உள்ளே வந்தது

ஒரு தலைமுறைக்கு முன்னர் தாம்பரம், சேலையூர், பம்மல், பெருங்களத்தூர்ப் பகுதிகளில் பல வீடுகளுக்குக் கொல்லை இருந்தது, கிணற்றடி இருந்தது, விறகு அடுக்கும் மூலை இருந்தது. பூனை அங்கேயே பிறந்து, அங்கேயே எலி பிடித்து, வேளைக்கு ஒருமுறை அடுக்களை வாசலில் வந்து குரல் கொடுக்கும். உள்ளே வராதே என்று அதற்கு எவரும் பயிற்சி தரவேண்டிய தேவை பெரிதாக எழவில்லை.

இன்று அந்த நிலை இல்லை. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி உருவாகும் அளவுக்கு இப்பகுதி பெருகிவிட்டது. கொல்லை இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சிறு அடுக்களை. நாம் நடக்கும் வழியே பூனைக்கும் வழி. ஆகவே பூனையின் குணம் கெட்டுவிடவில்லை. அதன் இடம்தான் பறிபோய்விட்டது. இந்த உண்மையை மனத்தில் இருத்தினால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

படியேறி வந்த விருந்தாளி

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இரண்டாம் மாடியில் வசிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் நீர் நின்றபோது, நனைந்து நடுங்கிய சாம்பல் நிறக் குட்டி ஒன்று அவர்கள் வீட்டுப் படியேறி வந்தது. நீர் வடிந்தது, குட்டி போகவில்லை. வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டது.

பின்னர் அவ்வீட்டு மகள் ஏழாம் மாதத்தில் பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்தாள். வீட்டில் அச்சம் புகுந்தது. பெண்ணின் அத்தா கோணிப்பையை எடுத்துவைத்துக்கொண்டு தம் மாமியாரிடம் சொன்னார்: "மாமி, புள்ளை பொறக்கப் போற வீடு. இதை வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைப் பக்கம் விட்டுட்டு வந்துடுறேன்."

நன்னிமா தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்தார். "தண்ணிக்குப் பயந்து நம்ம படியேறி வந்த ஜீவன் மாப்புள்ள. நாம விட்டா அது எங்கே போகும்? அதுக்கு ஒரு வழியைச் சொல்லிக் கொடுத்துப் பார்ப்போமே. அப்பவும் கேக்கலைன்னா நீங்க சொல்றபடி செய்ங்க" என்றார்.

இரண்டு மாத அவகாசம் கிடைத்தது. அந்த இரண்டு மாதங்களில் செய்தவற்றையே இங்கு உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

மார்க்கம் காட்டும் வழி

பூனை வாய் வைத்த தண்ணீர் குறித்த ஹதீஸ் ஒன்றைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகளார் கப்ஷா, தம் மாமனார் அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு ஒளுச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். பூனை ஒன்று குடிக்க வந்தது. அபூ கதாதா (ரலி) அவர்களோ அதை விரட்டாமல் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து நோக்கியபோது, பூனை நஜிஸ் அன்று என்றும், அது உங்களைச் சுற்றித் திரிபவற்றுள் ஒன்று என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இது பதிவாகியுள்ளது.

அங்கே சொல்லப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள். சுற்றித் திரிவது அதன் இயல்பு. அந்த இயல்பை வைத்தே சலுகை பேசப்படுகிறது. அவ்வாறாயின் வீடு முழுவதையும் அதற்குத் தடை செய்வது நடவாத காரியம் என்பது விளங்கும். தடை இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டுமே இருக்கவேண்டும்.

இரவில் பாத்திரங்களை மூடிவைக்குமாறும் கதவுகளைச் சாத்துமாறும் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவுரையும் நினைக்கத்தக்கது. மூடுவது நம் கடமை. திறந்து வைத்துவிட்டு வாயில்லா ஜீவனைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. பூனையை அடைத்துவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நேர்ந்த கதியும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. வீட்டு உணவுக்குப் பழகியதைத் தெரியாத சந்தையில் விடுவது அதைப் பசிக்குள் அடைப்பதேயன்றி வேறென்ன? நாட்டுச் சட்டமும் இதைப் பொறுத்துக்கொள்வதில்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

அடித்தால் ஏன் திருந்துவதில்லை?

சமையல் மேடையில் ஏறிய பூனையை அடிக்கிறோம். அது கற்றுக்கொள்ளும் பாடம் யாது? "மேடையில் ஏறக்கூடாது" என்பதன்று. "இந்த அம்மாள் இருக்கும்போது ஏறக்கூடாது" என்பதே. நாம் அப்பால் சென்றதும் மீண்டும் ஏறுகிறது. அச்சம் இடத்தின்மீது பதிவதில்லை, ஆளின்மீது பதிகிறது. தண்ணீர் தெளிப்பதும் இத்தகையதே.

மற்றொன்று. பத்து முறை ஏறி ஒரே ஒரு முறை மீன் துண்டு கிடைத்தாலும் போதும். பதினோராம் முறையும் ஏறிப் பார்க்கும். எனவே முதல் விதி, தடை செய்த இடத்தில் அதற்கு எந்த லாபமும் கிடைக்கக்கூடாது. இரண்டாம் விதி, அதற்குப் பதிலாக வேறோரிடத்தில் லாபம் கிடைக்கவேண்டும். "கூடாது" என்பது பூனைக்கு விளங்குவதில்லை. "இங்கே வா" என்பது நன்றாக விளங்கும்.

முதலாவது: அடுக்களை

பூனை மேடையில் ஏறுவது உணவுக்காக மட்டுமன்று. உயரத்திலிருந்து சுற்றிலும் பார்ப்பது அதற்குப் பாதுகாப்பு. ஆகவே அடுக்களைக்கு வெளியே, சன்னல் ஓரமாக, சமையல் மேடையைவிட உயரமான ஒரு முக்காலியோ அலமாரித் தட்டோ கொடுங்கள். மீன் கழுவத் தொடங்குவதற்கு முன்பே அதற்குரிய உணவை வைத்துவிடுங்கள். முக்காலியில் அமர்ந்த கணமே ஒரு சிறு துண்டு கொடுங்கள். சற்றுத் தாமதித்தாலும் எதற்காகக் கிடைத்தது என்பது அதற்குப் புரியாது.

மேடையில் ஏறினால் கூச்சலிடாமல் "இறங்கு" என்ற ஒரே சொல்லைச் சொல்லி இறக்கிவிடுங்கள். மீன் கழிவையோ பால் ஆடையையோ மேடையிலிருந்து ஒருபோதும் கொடுக்காதீர்கள். யாரும் இல்லாத வேளையில் மேடையின் ஓரத்தில் அலுமினியத் தாளை விரித்துவைக்கலாம்; காலில் படும் அந்த ஓசையும் உணர்வும் பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் மணத்தையும் பெரும்பாலானவை விரும்பா. இரண்டு மூன்று வாரம் இவை இருந்தால் போதும்.

இரண்டாவது: தொழும் இடம்

முஸல்லாவைப் பூனை ஏன் நாடுகிறது? அது மெத்தென்று இருக்கிறது. நம் வாடை அதில் இருக்கிறது. ஓயாமல் நடமாடும் நாம் அங்குதான் அமைதியாக அமர்கிறோம். எனவே தொழுதவுடன் விரிப்பை மடித்து அலமாரியில் வையுங்கள். அருகிலேயே உங்கள் பழைய துப்பட்டா ஒன்றை மடித்துப் பூனைக்கென விரித்துவிடுங்கள். மஃரிபுக்குச் சற்று முன்னர் உணவளித்தால் அது வயிறு நிறைந்து தன் இடத்தில் படுத்துவிடும்.

பூனையின் வாய்நீர் வேறு, சிறுநீர் வேறு. சிறுநீர் நஜிஸ்; பட்ட இடத்தைக் கழுவியே ஆகவேண்டும். நுணுக்கமான சட்ட விவரங்களை உங்கள் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டறிக. ஆனால் வீட்டில் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் பூனையைத் தண்டிக்கும் முன் அதன் மணல் தட்டைப் பாருங்கள். தட்டு நாள்தோறும் சுத்தம் செய்யப்படவேண்டும். உணவுக் கிண்ணத்திற்கு அருகில் இருக்கக்கூடாது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருப்பது நலம். ஆண் பூனை தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் தவித்தால் அது குறும்பு அன்று, உயிருக்கே ஆபத்தான அடைப்பு. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். 1903இல் தொடங்கப்பெற்ற வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பூனைகளுக்கும் சிகிச்சை உண்டு.

மூன்றாவது: தொட்டில்

பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்பது வெறும் கட்டுக்கதை. எனினும் கதகதப்பை நாடிக் குழந்தையின் முகத்தருகே படுத்துவிடக்கூடும் என்பது உண்மை. ஆகவே இந்த ஒரு தடையில் மட்டும் விட்டுக்கொடுத்தலே கூடாது.

குழந்தை பிறப்பதற்கு ஓரிரு மாதம் முன்பே அந்த அறைக்குக் கொசுவலைக் கதவு போட்டு, தொட்டிலையும் கட்டிவிடுங்கள். காலியான தொட்டிலில் அட்டைப் பெட்டிகளை நிரப்பிவைத்தால், அது படுக்கத்தக்க இடமன்று என்று பூனை முன்கூட்டியே அறிந்துகொள்ளும். பிறந்த பின்னர், குழந்தையைச் சுற்றிய துணியொன்றைக் கூடத்தில் வைத்து மோந்து பார்க்கவிடுங்கள். எவ்வளவு சாதுவான பூனையாயினும் குழந்தையுடன் தனித்து விடாதீர்கள்.

கர்ப்பிணிகள் மணல் தட்டைத் தொடவேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பூனையின் மலத்தின் வழியாகவும் பரவக்கூடியது. கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கவல்லது. ஆனால் மலம் வெளிப்பட்டு ஒரு நாளேனும் கழிந்த பின்னரே அது தொற்றும் தன்மை பெறுகிறது. ஆதலால் வீட்டிலுள்ள வேறொருவர் நாள் தவறாமல் அகற்றினால் பெரும்பகுதி ஆபத்து நீங்கும். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் இதே நோயைத் தரும் என்பதையும் மறவாதீர்கள். பூனையை மட்டும் விரட்டிவிட்டு அரைவேக்காட்டுக் கபாப் உண்பதில் பொருளில்லை.

செய்யக் கூடாதவை

பூனையை விரட்டப் பூச்சி உருண்டைகளை மூலைகளில் போடுவோர் உண்டு. நாஃப்தலீன் பூனைக்கு நஞ்சு. ஃபீனால் கலந்த கிருமிநாசினிகளையும் அதன் ஈரல் முறித்து வெளியேற்ற வல்லதன்று. தரையில் மிதித்த காலை நக்கியே உள்ளே போய்விடும். நீலகிரித் தைலமும் ஆகாது. அம்மோனியா கலந்த துப்புரவு நீர் சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால், பூனையை அதே இடத்திற்கு மீண்டும் அழைத்து வரும்.

பூனைக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் காலம் கடத்தாதீர்கள்.

முடிச்சூர் வீட்டில்

இரண்டு மாதம் கழித்து என்ன நடந்தது என்று கேட்பீர்கள். முதல் இரு வாரமும் தோல்விதான். பிறகு ஆராய்ந்ததில் காரணம் தெரிந்தது: பள்ளிக்கூடம் செல்லும் கடைசிப் பேரன், யாருமறியாமல் சமையல் மேடையிலிருந்தே பால் ஊட்டிவந்திருக்கிறான். ஒருவர் மூடும் கதவை மற்றொருவர் திறந்தால் பூனை எவ்வாறு எல்லையை அறியும்? வீட்டார் அனைவரும் ஒரே விதிக்கு வந்த பிறகே மாற்றம் தென்பட்டது.

சமையல் மேடையில் இப்போது அது ஏறுவதில்லை. தொட்டில் அறையின் வலைக்கதவுக்கு வெளியே படுத்துக்கொள்கிறது. முஸல்லா மட்டும் இன்னும் முழு வெற்றியன்று. மடிக்க மறந்த நாளெல்லாம் அதன்மேல் உரோமம்தான். "மறந்தது நாமதானே" என்கிறார் நன்னிமா.

கோணிப்பை இப்போது வெங்காயம் போட்டு வைக்கப் பயன்படுகிறது.

சகோதரிகளே! மூடியைத் தேடி மூடுதல், விரிப்பை மடித்து வைத்தல், நேரத்திற்கு உணவளித்தல், வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்லுதல் ஆகியவைதாம் அந்த வீட்டில் நடந்தவை. எண்ணிப் பாருங்கள், இவற்றுள் பெரும்பாலானவை பூனைக்குத் தந்த பயிற்சியல்ல, நமக்கு நாமே தந்துகொண்ட பயிற்சி. இன்றிரவு படுக்கும் முன் ஒருமுறை அடுக்களைக்குச் சென்று பாத்திரங்கள் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கிருந்தே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.