ஆடியோ பாடலையா? சாக்கைப் பார்க்காதீங்க, சரக்கைப் பாருங்க!

கரிசல் காட்டில் மழை விழுந்தால் விதைப்பு தொடங்கும். கூடவே செல்போனில் குரல் பதிவுகளும் வரத் தொடங்கும். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, உளுந்துக்கு எப்போது களை எடுப்பது, எந்த விதை எங்கே இருப்பு என்று எல்லாமே இப்போது குரலாகத்தான் வருகிறது. அந்தக் குரல் பாடாமல் போனால் என்ன செய்வது என்று கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

“மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்திருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. வேலையாட்கள் எல்லோரும் கேட்கட்டும் என்று பென் டிரைவில் ஏற்றி டிராக்டர் பாட்டுப்பெட்டியில் போட்டேன். ஃபைலையே காட்டவில்லை. பெயரை எம்பி3 என்று மாற்றினேன். இப்போது பெயர் தெரிகிறது, சத்தம் வரவில்லை. ஃபைல் கெட்டுவிட்டதா?”
- வாசகர், விளாத்திகுளம்

ஃபைல் கெடவில்லை. சாக்கின் மேல் ‘உளுந்து’ என்று எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் சோளம் உளுந்தாகிவிடாது. ஃபைல் பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகள் சாக்கின் மேல் எழுதிய பெயர் மாதிரிதான். உள்ளே குரலை எந்த முறையில் சுருக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்பதே சரக்கு. அந்த முறைக்குப் பெயர் கோடெக்.

வாட்ஸ்அப் குரல் பதிவு ‘ஓபஸ்’ என்ற முறையில் சுருக்கப்படுகிறது. குறைந்த டேட்டாவில் பேச்சைத் தெளிவாக அனுப்புவதற்கு ஏற்ற முறை இது. 2012-ல்தான் இது பொதுத் தரநிலையாக வெளியானது. எம்பி3 அதற்கு வெகு முன்பே, 1990-களில் வந்தது. டிராக்டர் பாட்டுப்பெட்டி, யுஎஸ்பி ஸ்பீக்கர், பட்டன் போன் போன்ற மலிவான கருவிகள் பலவற்றுக்கும் எம்பி3 மட்டும்தான் பிரிக்கத் தெரியும். சிலவற்றில் வேவ், டபிள்யூஎம்ஏ ஆகியவையும் பாடும். ஓபஸ் வந்தால் விழிக்கும். பெயரை மாற்றியதும் எம்பி3 என்று நம்பித் திறந்திருக்கிறது, உள்ளே வேறு சரக்கு இருந்ததால் நின்றுவிட்டது.

அவசரத்துக்கு எளிய வழி, ஃபைலை மாற்றாமல் சத்தத்தை மட்டும் அனுப்புவது. பாட்டுப்பெட்டியில் புளூடூத் இருந்தால் போனை அதோடு இணைத்து, வாட்ஸ்அப்பிலேயே பாட விடுங்கள். புளூடூத் இல்லாவிட்டால் ஆக்ஸ் வயர் போதும். ஓபஸைப் பிரிக்கும் வேலையைப் போன் பார்த்துக்கொள்ளும். பெட்டி ஒலிபெருக்கியாக மட்டும் வேலை செய்யும்.

பென் டிரைவில்தான் வேண்டும் என்றால் எம்பி3 ஆக மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் இருந்தால் அதுவே மாற்றித் தரும். இலவச மென்பொருள் அது. வழி இதுதான்:

1. முதலில் மூல ஃபைலை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றியிருந்தால் பழையபடி ஓபஸ் என்றே திருத்துங்கள். விண்டோஸில் கடைசி எழுத்துகள் மறைந்திருந்தால், ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்தால் தெரியும்.
2. விஎல்சி-யில் ‘மீடியா’ மெனு, அதில் ‘கன்வர்ட் / சேவ்’. ‘ஆட்’ கொடுத்து ஃபைலைத் தேர்வு செய்யுங்கள். கீழே உள்ள ‘கன்வர்ட் / சேவ்’ பட்டனை அழுத்துங்கள்.
3. ‘புரொஃபைல்’ என்ற இடத்தில் ஆடியோ எம்பி3-ஐத் தேர்வு செய்யுங்கள்.
4. ‘டெஸ்டினேஷன்’ என்ற இடத்தில் புதுப் பெயர் கொடுங்கள். பழைய ஃபைல் மேலேயே எழுதிவிடாதீர்கள். பிறகு ‘ஸ்டார்ட்’.

நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி அளவில் எம்பி3 தயாராகும். ஒரு ஃபைலின் உள்ளே என்ன முறை இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், அதை விஎல்சி-யில் ஓடவிட்டு ‘டூல்ஸ்’ மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ பாருங்கள். பெயர் பொய் சொன்னாலும் அந்த இடம் சரக்கைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. படைப்புழுவுக்கு இளம்பயிரில் தெளிக்க எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதையே 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம் என்றும் சொல்வார்கள். பதிவு இடையில் வெட்டுப்பட்டு, ‘10 லிட்டருக்கு’ என்பது போய் ‘4 கிராம்’ மட்டும் காதில் விழுந்தால், லிட்டருக்கு 4 கிராம் என்று எடுத்துக்கொண்டு பத்து மடங்கு மருந்து கலந்துவிடுவார்கள். அளவு வரும் பதிவு அரைகுறையாகக் கேட்டால் ஊகித்துத் தெளிக்காதீர்கள். அனுப்பியவரிடமே எண்ணை எழுத்தில் கேளுங்கள். கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசியும் உறுதி செய்துகொள்ளலாம்.

“எம்பி3 ஆகவே ஏற்றினேன். ஆனாலும் ஸ்பீக்கர் பென் டிரைவையே எடுத்துக்கொள்ளவில்லை. அதே பென் டிரைவ் கம்ப்யூட்டரில் நன்றாக வேலை செய்கிறது.”
- வாசகி, எட்டயபுரம்

உங்கள் ஆடியோ சரியாக இருக்கிறது. சிக்கல் பென் டிரைவ் ஃபார்மட்டில். சிறு கருவிகள் பெரும்பாலும் ‘ஃபேட்32’ முறையில் ஃபார்மட் செய்ததைத்தான் படிக்கும். 64 ஜிபி, 128 ஜிபி பென் டிரைவ்கள் பொதுவாக ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் வரும். 16 அல்லது 32 ஜிபி பென் டிரைவை எடுத்து ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து பாருங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைலுக்கு நீளமான தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் சில கருவிகள் கட்டம் கட்டமாகக் காட்டும். 001, 002 என்று எண்ணாக வைத்துவிட்டால் வரிசையாகவும் பாடும்.

“குரல் பதிவைத் தட்டினால் திரை இருண்டுவிடுகிறது. சத்தம் ஈனசுரத்தில் வருகிறது. ஃபார்மட் கோளாறா?”
- வாசகர், கயத்தாறு

இல்லை. போனைக் காதருகே கொண்டுபோனால் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, காதில் வைத்துப் பேசும் சிறு ஒலிப்பானுக்கு வாட்ஸ்அப் மாறிக்கொள்ளும். காது பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது திரையின் மேல்பக்கம் உள்ள சென்சார். அதன்மேல் கரிசல் புழுதி படிந்தாலோ, ஒட்டிய கண்ணாடி மறைத்தாலோ, ‘காது வந்துவிட்டது’ என்று தப்பாக நினைத்துக்கொள்ளும். மேல்பக்கத்தை மெல்லிய துணியால் துடையுங்கள். உறையும் கண்ணாடியும் அந்த இடத்தை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன் வேறு ஏதாவது புளூடூத் ஸ்பீக்கரோடு இணைந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். சத்தம் அடுத்த வீட்டுத் திண்ணையில் கேட்டுக்கொண்டிருக்கலாம்!

“கோவில்பட்டியில் நடந்த மானாவாரிப் பயிற்சியை 2 மணி நேரம் போனில் பதிவு செய்தேன். கடைசியில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. ஃபைல் இருக்கிறது, அளவும் காட்டுகிறது. எதில் போட்டாலும் திறக்கவில்லை.”
- வாசகர், ஓட்டப்பிடாரம்

பல போன்கள் குரலை ‘எம்4ஏ’ ஃபைலாகச் சேமிக்கின்றன. புத்தகத்தை முழுக்க எழுதி முடித்த பிறகு பொருளடக்கம் போடுவது போல, பதிவை நிறுத்தும்போதுதான் ‘எந்தத் துண்டு எங்கே இருக்கிறது’ என்ற பட்டியலை இது எழுதும். நிறுத்தும் முன்னே போன் அணைந்தால் பேச்சு உள்ளே கிடக்கும், பட்டியல் இருக்காது. பட்டியல் இல்லாமல் பிளேயருக்கு வழி தெரியாது.

எம்பி3 ஆக மாற்றினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். திறக்க முடியாததை மாற்றவும் முடியாது. ஃபைலை அழிக்காமல் பிரதி எடுத்து வையுங்கள். முதலில் அதே பதிவு செயலியைத் திறந்து பாருங்கள். சில செயலிகள் அரைகுறைப் பதிவைத் தாமே மீட்டுத் தரும். இல்லையென்றால், அதே போனில், அதே செயலியில் ஓரிரு நிமிடம் புதிதாகப் பேசி ஒரு நல்ல ஃபைலை உண்டாக்குங்கள். அதை மாதிரியாக வைத்து, பட்டியலை மறுபடி கட்டும் பழுதுநீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் தெரிந்தவரிடம் இரண்டு ஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள். கிடைக்க வாய்ப்பு உண்டு, உறுதி கிடையாது. ஃபைல் அளவு 0 கேபி என்று காட்டினால் உள்ளே ஒன்றுமே இல்லை, விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை அரை மணிக்கு ஒருமுறை நிறுத்திப் புதிதாகத் தொடங்குங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் இடையில் அழைப்பு வந்து பதிவைக் கெடுக்காது.

“ஐயா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. விதைப்புப் பக்குவம், மழைக்குறி பற்றியெல்லாம் அவர் பேசியது பழைய பட்டன் போன் மெமரி கார்டில் இருக்கிறது. புது போனில் ‘சப்போர்ட் இல்லை’ என்று வருகிறது. கேட்க வழி உண்டா?”
- வாசகி, இடைசெவல்

பெரும்பாலும் உண்டு. ஃபைல் பெயரின் முடிவில் ‘ஏஎம்ஆர்’ என்று இருக்கிறதா பாருங்கள். பழைய போன்கள் குரலைச் சேமித்த முறை அது. செல்போன் பேச்சுக்கென்றே உருவாக்கியது. 1 மணி நேரப் பேச்சு சுமார் 6 எம்பி-க்குள் அடங்கும். இன்றைய போன்களில் உள்ள பிளேயர்கள் சில அதைக் கைவிட்டுவிட்டன. விஎல்சி-யில் போட்டுப் பாருங்கள், பாடும்.

கார்டை அடிக்கடி மாற்றி மாற்றிச் செருகாதீர்கள். போன் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் கண்டிப்பாக ‘வேண்டாம்’ கொடுங்கள். முதல் வேலை, கார்டு ரீடரில் போட்டு எல்லா ஃபைலையும் கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுப்பது. இன்னொரு பிரதி பென் டிரைவில், மற்றொன்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம். அதன்பிறகு முன்பு சொன்ன வழியில் எம்பி3 செய்துகொள்ளுங்கள். எம்பி3 வந்துவிட்டதே என்று மூலத்தை அழிக்காதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குரலில் கொஞ்சம் தேயும். மாற்றினால் குரல் தெளிவு கூடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அன்று போன் வாங்கிக்கொண்டது எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும்.

உங்கள் ஊர்க்காரரான கி.ராஜநாராயணன் கரிசல் பேச்சுச் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்து வட்டார வழக்கு அகராதியே செய்தார். உங்கள் ஐயாவின் பதிவில் அந்தச் சொற்கள் குரலோடு இருக்கின்றன. கேட்கும்போதே ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். எந்த ஃபார்மட் மாறினாலும் நோட்டுப் புத்தகம் பாடும்.

“ஆடியோவைத் திறந்தால் ‘கோடெக் பதிவிறக்கவும்’ என்று வருகிறது. செய்யலாமா?”
- வாசகர், புதூர்

வேண்டாம். விஎல்சி-யில் பாடாத சாதாரண ஆடியோ அபூர்வம். அதையும் பிளே ஸ்டோரிலோ வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலோ மட்டும் எடுங்கள். ஃபைல் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது ஆடியோவே அல்ல, போனில் நிறுவப்படும் செயலி. பிஎம் கிசான் பெயரில் இப்படி ஏபிகே அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி நடக்கிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள்.

*கேள்வி அனுப்புகிறவர்கள் ‘பாடவில்லை’ என்று மட்டும் எழுதாமல் நான்கு விவரம் சேருங்கள்: ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள், ஃபைலின் அளவு, எந்தக் கருவியில் போட்டீர்கள், திரையில் என்ன வந்தது. பயிர் நோய்க்கு இலையைக் காட்டிக் கேட்பது போலத்தான் இதுவும்.*