காபித் தோட்டத்தில் கடல் பறவை: ஆணா, பெண்ணா?

கேள்வி: பலத்த காற்றும் மழையும் அடித்த மறுநாள், எங்கள் காபித் தோட்டத்தில் பெரிய கறுப்புப் பறவை ஒன்று விழுந்து கிடந்தது. நெஞ்சு வெள்ளை. தொண்டையும் வயிறும் கறுப்பு. அலகு நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. வால் கத்தரிக்கோல் போலப் பிளந்திருக்கிறது. இறக்கையை விரித்தால் ஆறடி வரும். கழுகு என்கிறார்கள். கோழிக்கூண்டில் வைத்திருக்கிறோம். சோறு வைத்தும் தின்னவில்லை, பறக்கவும் இல்லை. இது ஆணா, பெண்ணா? என்ன செய்வது?
- வாசகர், தாண்டிக்குடி

பதில்: பதினைந்து நாள் காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

இது கழுகு அல்ல. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஃபிரிகேட் என்ற கடல் பறவைக்குப் பொருந்துகின்றன. வாரக்கணக்கில் தரையிறங்காமல் பறக்கக்கூடியது. 2018 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய கஜா புயல் கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட காற்றில் சிக்கினால், கடல் பறவையும் மலையேறிவிடும்.

கோழியில் சேவல்தான் பெரிது. இதில் பெட்டைதான் பெரிது. வளர்ந்த ஆணுக்குத் தொண்டையில் சிவப்புப் பை இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் அது பலூன் போல உப்பும். பெட்டைக்கு அந்தப் பை இல்லை, நெஞ்சு வெள்ளையாக இருக்கும். சிறிய ஃபிரிகேட் வகையில் பெட்டையின் தொண்டை கறுப்பு. பெரிய வகையில் வெளிறிய சாம்பல். தலை செம்பழுப்பாக இருந்தால் இளம் பறவை, ஆண் பெண் சொல்வது கடினம். உங்களுடையது சிறிய வகைப் பெட்டையாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன்.

பறக்கவில்லை என்பதால் இறக்கை ஒடிந்தது என்று முடிவு கட்டாதீர்கள். இதற்குக் கால் மிகக் குட்டை, இறக்கை மிக நீளம். சமதரையிலிருந்து எழும்புவது நல்ல நிலையில் உள்ள பறவைக்கே சிரமம். இரண்டு இறக்கையும் ஒரே அளவில் மடங்கியிருக்கிறதா, ஒன்று தொங்குகிறதா என்று பாருங்கள். கோழியைத் தூக்கிப் பார்ப்பது போல நெஞ்சைத் தடவுங்கள். எலும்பு கத்தி விளிம்பு போலத் துருத்தினால் பல நாள் பட்டினி. பறக்கிறதா பார்ப்போம் என்று மேலே தூக்கி எறிய வேண்டாம். ஒரு பையன் அப்படிச் செய்து நல்ல பருந்தின் இறக்கையை ஒடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதன் உணவு மீனும் கணவாயும்தான், சோறு ஆகாது. சோர்ந்த பறவையின் வாயில் நீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். துண்டால் தலையை மூடி, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டான சூடான இடத்தில் வையுங்கள். அலகு கிழித்துவிடும், கையுறை போடுங்கள். கோழிக்கூண்டிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். நோய் இருந்தால் கோழிக்கும் தொற்றும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அதற்கு முன் தலை, நெஞ்சு, வயிறு, விரித்த இறக்கை தெரியும்படி படம் எடுங்கள். காலில் வளையம் இருந்தால் அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இறந்துவிட்டாலும் புதைக்காமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.