டைல்ஸ் ஓரம் பேர்ந்தால் கூலியைப் பிடிக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வீடு கட்டுகிறவர்களும் கட்டப்போகிறவர்களும் முழுவதும் படியுங்கள்.

"வெட்டின இடமெல்லாம் ஓரத்தைப் பேத்து வச்சிட்டான் சார், கூலியில பிடிச்சிட்டேன்." கிரகப்பிரவேசத்துக்குப் போகிற வீடுகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். ஏதோ சாமர்த்தியம் போலச் சொல்கிறீர்கள். இது சாமர்த்தியம் இல்லை, அநியாயம். ஓரம் பேர்வதற்குப் பெரும்பாலும் காரணம் டைல்ஸ் ஒட்டுகிறவரின் கை அல்ல, வீட்டுக்காரரின் அவசரமும் கஞ்சத்தனமும்தான். காரணத்தோடு சொல்கிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல்ஸின் உடம்பு மென்மையானது. அதன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தரையில் பதிக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடக் குடிக்காது. அவ்வளவு இறுக்கம். இரண்டிலும் மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சு கண்ணாடி மாதிரி. கண்ணாடி வளையாது, அதிர்ந்தால் சில்லாகத் தெறிக்கும். ஆக, சுத்தமாக வெட்டுவது என்றால் அதிர்வைக் குறைப்பது. பாடம் இவ்வளவுதான்.

அதிர்வைக் குறைக்க நான்கு விஷயம் வேண்டும்.

ஒன்று, சரியான பிளேடு. டைல்ஸுக்கு விளிம்பு இடைவெளி இல்லாமல் வட்டமாக ஓடும் டைமண்ட் பிளேடு வேண்டும். பல் பல்லாக இடைவெளி விட்ட பிளேடு கான்கிரீட்டுக்கு. அதை வைத்து டைல்ஸை வெட்டினால் ஒவ்வொரு பல்லும் ஓரத்தைக் கொத்திக்கொண்டே போகும். பிளேடு மழுங்கினாலும் இதே கதைதான்.

இரண்டு, தண்ணீர். தண்ணீர் விட்டால் பிளேடு சூடாகாது, தூளும் அடங்கும்.

மூன்று, அசையாத சமமான மேடை. மணல் குவியல்மேல் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு வெட்டினால் டைல்ஸ் உடையாமல் என்ன செய்யும்?

நான்கு, நேரம். கோட்டின்மேல் டேப் ஒட்டி, முதல் ஓட்டத்தில் பூச்சை மட்டும் லேசாகக் கீற வேண்டும். அடுத்த ஓட்டத்தில்தான் ஆழம். முடிகிற மூலை உடையாமல் இருக்க, எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு விரல் அளவு முன்கூட்டியே வெட்டிவைக்க வேண்டும். எல் வடிவத்தில் வெட்டும்போது உள்மூலையில் முதலில் ஒரு துளை போட்டால் விரிசல் ஓடாது. நேர்வெட்டுக்குக் கையால் இழுக்கும் கட்டரே போதும். ஒரே சீரான அழுத்தத்தில் ஒரே ஒரு கீறல், பிறகு மெதுவாக ஒரு அமுக்கு.

இந்த நான்கில் ஒட்டுகிறவருக்கு நீங்கள் எதைக் கொடுத்தீர்கள்? சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினீர்கள். ஒரு வெட்டுக்கு ஐந்து நிமிடம் நின்று நிதானித்தால் அந்த ஐந்து நிமிடத்துக்கு அவருக்குக் காசு கிடையாது. "வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும்" என்று தலைமேல் நின்றீர்கள். புது பிளேடு கேட்டால் "போன வாரம்தானே வாங்கினோம்" என்றீர்கள். பரீட்சைக்குப் பேனாவும் நேரமும் கொடுக்காமல் மார்க் மட்டும் குறைக்கும் வாத்தியாரை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?

இதுவரை சொன்னது காசு விஷயம். இனிமேல் சொல்வது உயிர் விஷயம்.

டைல்ஸிலும் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. அதாவது படிக நிலையில் இருக்கும் சிலிக்கா. தண்ணீர் விடாமல் மெஷினால் வெட்டும்போது எழும் வெள்ளைப் புகையில் அது இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூள் மூக்கிலேயே நின்றுவிடும். தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கித் தழும்பாக்கிவிடும். அதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் ஆபத்தும் கூடுகிறது. இந்தத் தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997லேயே வகைப்படுத்திவிட்டது. சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் சிலிக்கா மிக அதிகம். அதை வெட்டிய தொழிலாளர்கள் இளம் வயதிலேயே நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. இங்கே நம் வீட்டு வாசலில் ஒரு பையன் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருக்கிறான். கைக்குட்டை அந்த நுண்தூளைத் தடுக்காது. நாமோ "தூசி உள்ளே வருது" என்று ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

"தண்ணீர் விட்டால் ஷாக் அடிக்குமே சார்?" நியாயமான கேள்வி. அதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறது. எர்த் உள்ள லைனில் அதைப் போட்டுக் கொடுங்கள். ஒட்டு வயரை ஈரத்தில் போடாதீர்கள். தண்ணீர் இணைப்போடு வரும் கட்டரும், தொட்டி வைத்த டேபிள் கட்டரும் கடையில் கிடைக்கின்றன.

"அவங்களே மாஸ்க் போடறதில்லையே?" வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சதுர அடி கூலிக்கு ஓடுகிறவர் தன் காசில் எத்தனை என்95 வாங்குவார்?

ஆகவே என் கோரிக்கை. கூலி பேசும்போதே வெட்டு வேலைக்குத் தனியாகப் பேசுங்கள். பிளேடும் மாஸ்க்கும் உங்கள் செலவு. வெட்டுவதற்கு வெளியில் ஒரு மேடை, ஒரு வாளித் தண்ணீர். டைல்ஸ் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், சேதாரம் எல்லா வேலையிலும் உண்டு. வெட்டிய ஓரத்தைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டால் ஸ்கர்ட்டிங் மூடிக்கொள்ளும்.

இத்தனையும் செய்து கொடுத்த பிறகும் ஓரம் பேர்ந்தால் கேளுங்கள், தப்பில்லை. அப்போதும் கேள்வி கேளுங்கள், கூலியில் கை வைக்காதீர்கள்.

வீடு கட்டும் நண்பர்களுக்கு இதை அனுப்புங்கள்.