கீல் அசையட்டும்

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2021 ஜூலை 15 அறிவிக்கை இந்நேரம் நம் வாசகர்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு சுற்று சுற்றி முடித்திருக்கும். 50 ஆண்டு தாண்டிய வண்டி விண்டேஜ். ஏற்கெனவே பதிவானதற்குப் பழைய எண்ணே போதும். புதிதாகப் பதிபவருக்கு ‘விஏ’ வரிசை. கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. இவற்றில் நமக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஊருக்கு ஊர், மேசைக்கு மேசை ஒரு நியாயம் கேட்டு அலைந்த நிலைமைக்கு ஒரு விதியாவது வந்ததே.

சண்டை வரையறையோடுதான். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டுமாம். சேஸி, பாடி ஷெல், இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாதாம். காரை மனதில் வைத்து எழுதியது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஏது பாடி ஷெல்? டேங்க் எதில் சேரும்? டூல்பாக்ஸ் எதில் சேரும்? குறிப்பாக, பின் மட்கார்டு எதில் சேரும்? அதிலும் கீல் வைத்த மட்கார்டு?

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இந்தப் பக்கத்தில் நான் கீலைப் பற்றிப் புலம்புவது புதிதல்ல. ஹார்லி டபிள்யூஎல்ஏ, பழைய பிஎம்டபிள்யூ ஆர்50, ஆர்60, வின்சென்ட் என எந்த வண்டியிலும் அந்தக் கீல் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. வால் பகுதியைத் தூக்கினால்தான் பின்சக்கரம் வெளியே உருளும். நம் பட்டறைகளில் அதற்கு நேரும் கதி உங்களுக்குத் தெரியும். ‘ஆட்டம் இருக்குது சார்’ என்று டிங்கர் ஒரு வரி பிரேசிங் போடுவார். பெயிண்டர் மேலே பட்டி இழுத்துத் தேய்த்து, கண்ணாடி மாதிரி கறுப்பு அடித்துக் கொடுப்பார். முதல் பஞ்சர் வரைக்கும் எல்லாம் அழகுதான்.

இப்போது புதிய விதியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். கீலை அடைத்து மழமழவென்று வந்த மட்கார்டு, ஆய்வாளர் கண்ணுக்குப் புத்தம்புதுசு. ஒரு கேள்வி வராது. கீல் ஒழுங்காக வேலை செய்யும் மட்கார்டிலோ இடைவெளி தெரியும், கீலின் முடிச்சில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு மினுங்கும். ‘இது என்ன, வெட்டி ஒட்டினதா?’ என்ற கேள்வி அந்த வண்டிக்குத்தான் வரும். வடிவத்தைக் கெடுத்தவன் உள்ளே போவான். காப்பாற்றியவன் வாசலில் நின்று விளக்கம் சொல்வான். விதியின் நோக்கம் இதுவாக இருக்காது, ஆனால் விளைவு இதுதான்.

அசல் வடிவம் என்றால் அசல் அசைவும் அதில் அடக்கம் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. அப்படிச் சொல்வதானால் நம் பக்கத்து வேலையும் சுத்தமாக இருக்க வேண்டும். மட்கார்டின் இரண்டு துண்டையும் கோத்தபடியே தொங்கவிட்டு ஸ்பிரே கன்னைத் திறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கீலின் ஊசியைக் கழற்றுங்கள். பிரைமர், சர்ஃபேசர், மேல்கோட்டு எல்லாம் சேர்ந்து ஒரு முகத்துக்கு 150 மைக்ரான் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து முடிச்சுக் கீலில் ஒன்றையொன்று தொடும் முகங்கள் எட்டு. எட்டும் பூசப்பட்டால் 1.2 மில்லிமீட்டர். அவ்வளவு இடம் எந்தக் கீலிலும் கிடையாது. சுத்தியலால் தட்டி ஊசியை ஏற்றுவீர்கள், முதல் தடவை தூக்கும்போது பெயிண்ட் சில்லாகப் பெயரும், அடுத்த மழையில் அங்கேயே துரு பிடிக்கும். தொடும் முகங்களில் மெல்லிய பிரைமரோடு நிறுத்துங்கள். ஊசித் துளைக்குக் கிரீஸ் போதும்.

பவுடர் கோட்டிங் பற்றிக் கேட்டு எழுதுபவர்களுக்கு: வேண்டாம். 180, 200 டிகிரி அடுப்பில் சாதாரணப் பட்டி தாங்காது, படலமும் தடிமன். சேஸிக்குச் செய்கிறீர்களா, அது உங்கள் பாடு.

மட்கார்டு வெறும் தகடாக இருக்கும்போதே டயர் மாட்டிய சக்கரத்தோடு ஒருமுறை வண்டியில் பூட்டி, தூக்கி இறக்கிப் பாருங்கள். சாண்ட் பிளாஸ்டிங்கில் மெல்லிய தகடு முறுக்கிக்கொண்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிறகு இரண்டு துண்டையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே கலவையில், ஒரே மூச்சில் அடியுங்கள். பளபளக்கும் கறுப்பு சிறு பிழையை மன்னிக்கும். டபிள்யூஎல்ஏவின் மட்டான ராணுவப் பச்சை மன்னிக்காது. கன்னின் தூரம் கொஞ்சம் மாறினாலும் வால் ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம்.

பிஎம்டபிள்யூவின் வெள்ளைக் கோடுதான் உண்மையான பரீட்சை. அது கீலைத் தாண்டி ஓட வேண்டும். துண்டு துண்டாகப் போட்டுச் சேர்த்தால் முடிச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. பூட்டி இறுக்கிய பிறகு, நீள முடித் தூரிகையால் ஒரே இழுப்பில் தாண்டுங்கள். கோடு காய்வதற்குள் போல்ட்டைத் தளர்த்தி வாலை ஒரு மயிரிழை விலக்கி வையுங்கள், படலம் பாலம் கட்டாது. ஸ்டிக்கர் ஒட்டுபவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. புல்லட் டேங்கில் கையால் கோடு போடுவதற்குத் திருவொற்றியூர் பேர்போன நாட்டில் தூரிகைக்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள்.

எண் பலகைக்கு வருகிறேன். இந்த வண்டிகளில் பின் எண்ணும் வால் விளக்கும் உட்கார்வது அசையும் துண்டின் மேல். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து விஏ எண் வாங்கும் வண்டிக்கு 200க்கு 100 மில்லிமீட்டர் பலகை மாட்ட வேண்டும். பழைய பலகையின் துளைகளோடு அது பொருந்துமா? எழுபது வருடம் துருப்பிடிக்காமல் கிடந்த தகட்டில் டிரில்லை வைப்பார்கள். அசல் வடிவில் இரு என்று கட்டளையிடுகிற அதே விதி, அதற்குச் சான்றாகத் தரும் எண்ணை மாட்ட அசல் தகட்டையே துளைக்க வைக்கிறது. ஏற்கெனவே உள்ள துளைகளுக்குத் தனிப் பிராக்கெட் செய்து, பலகையை அதில் தொங்கவிடுங்கள். விளக்குக் கம்பிக்குக் கீலருகே கொஞ்சம் தளர்வு விடவும் மறக்காதீர்கள்.

இதையெல்லாம் விதி எழுதியவர்கள் யாரிடமாவது கேட்டார்களா? வரைவு 2020 நவம்பரில் வந்தது, கருத்துச் சொல்ல அவகாசமும் இருந்தது என்பார்கள். உண்மைதான். கொரோனாவில் பட்டறையைப் பூட்டிவிட்டு, வாடகைக்கு வழி தேடிக்கொண்டிருந்த எந்தப் பெயிண்டர் அரசிதழைப் புரட்டிக்கொண்டிருந்தார்? வண்டி வைத்திருப்பவரைத் தெரிகிறது, அவர் கட்டும் இருபதாயிரம் தெரிகிறது. அந்த வண்டியைக் காப்பாற்றி வைக்கிற கை மட்டும் எந்த மேசைக்கும் தெரிவதில்லை. எது பெரிய வேலை, எது பராமரிப்பு என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க இவர்களுக்கு என்ன கேடு? எழுதாமல் விட்டால் அதை முடிவு செய்வது அன்றைக்குப் பணியில் இருக்கும் ஆய்வாளரின் மனநிலை. ஸ்பிளெண்டரையும் ஆட்டோவையும் பார்த்துப் பழகிய மனிதர் அவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கீல் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காமலே ‘அசல்’ என்று எழுதிவிட்டுப் போனவர்கள்மேல்தான்.

மாநிலப் போக்குவரத்து ஆணையருக்கு இந்த இதழ் மனு அனுப்புகிறது. கேட்பது இரண்டுதான்: தொழிற்சாலையிலேயே கழலவும் மடியவும் செய்த பாகம் அப்படியே வேலை செய்வதைக் குறையாகக் கொள்ளக் கூடாது, புதிய எண் பலகைக்காக அசல் தகட்டில் துளையிடச் சொல்லக் கூடாது. அதுவரை, படிவம் 20ஓடு மட்கார்டு மூடிய படம் ஒன்று, திறந்த படம் ஒன்று, தயாரிப்பாளரின் பாகப் புத்தகத்தில் அந்தக் கீல் வரும் பக்கத்தின் நகல் ஒன்று இணைத்துக் கொடுங்கள். கையிலும் ஒரு செட் இருக்கட்டும். பிரேசிங் போட்டு அடைத்த மட்கார்டோடு வந்து மனுவில் கையெழுத்துப் போட நினைப்பவர்கள், முதலில் அதை வெட்டித் திறந்துவிட்டு வரவும்.