மெஷ் பெட்டி வாங்குமுன் ஒரு வகுத்தல் கணக்கு

நம்ம ஆளுங்க லீவுக்கு ஊருக்குப் போகும்போது இப்போ மூணு பெட்டி சேர்ந்த மெஷ் வைஃபை வாங்கிட்டுப் போறாங்க. 'வீடு முழுக்க ஒரே வேகம்'னு அட்டையில் அச்சடிச்சிருக்கு. பச்சைப் பொய்ங்க! நான் பி.காம் படிச்ச பேங்க்காரன், இன்ஜினியர் இல்லை. ஆனா வகுத்தல் தெரியும்.

எங்க தனுவச்சபுரம் பக்கத்து வீடுகளையே எடுத்துக்குங்க. முன்னறையில் மோடம். அம்மா இருக்கிறது பின்கட்டில். நடுவில் கனமான சுவர்கள். இடையில் உட்கார்ந்திருக்கிற பெட்டி ஒரே அலைவரிசையில் வாங்கவும் வேணும், கொடுக்கவும் வேணும். வாங்கும்போது கொடுக்க முடியாது. ஒரு பெட்டி தாண்டினா 100 எம்பி 50 ஆகும். இரண்டு தாண்டினா 33. நீளமான சங்கிலியில் அதிகபட்சமே கால் பங்குதான்னு 2001-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கணக்குப் போட்டாங்க. அப்போதைய வைஃபை விதிப்படி கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தா, ஏழில் ஒரு பங்குதான் தேறிச்சு.

சரி, பெட்டியைக் கூட்டினா? பியூஷ் குப்தாவும், ஐஐடி மெட்ராஸில் படிச்ச பி.ஆர்.குமாரும் 2000-லேயே இதுக்குப் பதில் சொல்லிட்டாங்க. ஒருத்தர் தகவலை இன்னொருத்தர் கடத்திவிடும் வலையில் ஆட்கள் நாலு மடங்கானா, ஆளுக்குக் கிடைக்கிற வேகம் பாதிக்கும் கீழே போயிடும். கம்பெனி புதுப்புதுப் பங்கா வெளியிட்டுக்கிட்டே போற மாதிரி. மொத்த லாபம் கூடும், ஒரு பங்குக்கான லாபம் தேயும்.

'எங்க பெட்டியில் இதுக்குன்னே தனி ரேடியோ இருக்கு'ம்பாங்க. உண்மைதான், பாதி நோய் தீரும். ஆனா அந்த வேகமான அலை சுவரைத் தாண்டுறதுக்குள்ளே மூச்சு வாங்கும். அட்டையில் போடுற வேகமோ எல்லா ரேடியோவையும் கூட்டினது! டெபாசிட்டையும் கடனையும் கூட்டி லாபம்னு காட்டினா எங்க ஆடிட்டர் விடுவாரா?

வயர்லெஸ்ஸே வேண்டாம்னு சொல்லலை. 2000-களில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமத்து மையங்களோட வைஃபையால் இணைச்சாங்க, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தோட சேர்ந்து. கோபுரத்தில் நேருக்கு நேர் பார்க்கிற ஆன்டெனா வச்சாங்க. தூரத்துக்குச் சாதாரண வைஃபை விதி ஒத்துவராதுன்னு, எந்த முனை எப்போ பேசணும்ங்கிற முறையையே மாத்தி எழுதினாங்க. டாக்டர் நோயாளியோட வீடியோவில் பேசினார். கணக்கு முதலில், கருவி பிறகு.

அதனால மக்களே, அந்தக் காசில் ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முன்னறையிலிருந்து பின்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுக்கச் சொல்லுங்க. மெஷ் ஏற்கெனவே வாங்கியாச்சா? பெட்டியின் பின்பக்கம் ஓட்டை இருந்தா அதிலேயே செருகுங்க. வாரத்துக்கு ஒருநாள் பார்க்கிற அம்மா முகம் பாதிப் பேச்சில் உறைஞ்சு நின்னா, அட்டையில் அச்சடிச்ச வேகத்தை வச்சு என்ன செய்ய?