‘நாங்கள் ஒரே குடும்பம்’ என்று சொல்லும் கடைகள்

வெள்ளவத்தையில் காலி வீதியால ஒருக்கா நடந்து பாருங்கள். புடவைக் கடை, ஃபோன் கடை, சாப்பாட்டுக் கடை என்று கண்ணாடிக்குக் கண்ணாடி ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘வேலைக்கு ஆட்கள் தேவை.’ கொட்டாஞ்சேனைப் பக்கமும் இதே கதைதான். சில தாள்கள் வெயிலில் வெளிறி எழுத்தே மங்கிப்போச்சு. ஆள் வராமலில்லை, வந்த ஆள் நிற்பதில்லை.

ஏன் என்று முதலாளிமாரைக் கேட்டால், “இந்தக் காலத்துப் பொடியளுக்கு வேலையில அக்கறை இல்லை” என்பார்கள். எங்களுக்கு இந்தப் பதிலோடுதான் பிரச்சினை.

அவர்கள் அக்கறை என்பதைப் பெரிய கம்பனிகள் ‘எம்ப்ளாயீ எங்கேஜ்மென்ட்’ என்று சொல்லும். ஊழியர் ஈடுபாடு என்று வைத்துக்கொள்வோம். இதை உலகம் முழுக்க அளக்கும் கேலப் நிறுவனத்தின் கணக்கில், 2024இல் ஈடுபாட்டோடு வேலை செய்தவர்கள் வெறும் 21 வீதம். ஈடுபாடு கூடிய குழுக்களுக்கு இலாபமும் கூட என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இந்த அளவீட்டை விற்பதும் அவர்களேதான் என்பதால் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் நாங்கள் இதை வாசிக்கிறோம். நல்லா ஓடுற கடையில் சம்பளம் நேரத்துக்கு வரும், முதலாளிக்கும் சிரிப்பு வரும், அதனால் வேலை செய்பவர்களுக்கும் மனம் வரும். எது முதல், எது பிறகு என்று பிரித்துச் சொல்வது லேசில்லை.

ஆனா ஒரு புடவைக் கடைக்குள் ஈடுபாடு எப்படிக் காசாகிறது என்று பார்க்க ஆய்வு தேவையில்லை. எங்களில் சிலர் உயர்தரம் எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை இப்படிக் கடைகளில் நின்றவர்கள். கலியாணப் புடவை எடுக்க வரும் குடும்பத்தில் முடிவெடுப்பது யார், பொம்பிளையா, மாமியாரா என்று ரெண்டு நிமிசத்தில் பிடித்துவிடும் ஒரு அக்கா எந்தக் கடையிலும் இருப்பா. எந்த நிறம் போன கிழமை முடிஞ்சது, எந்த சைஸ் கேட்டு ஆட்கள் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் அவவின் தலைக்குள்தான். எங்களில் ஒருவர் நின்ற கடையில், பெரிய சைஸ் பிளவுஸ் இல்லை என்று அப்படியொரு அக்கா மூன்று தரம் சொன்னா. “உம்மட வேலையைப் பாரும்” என்றார்கள். நாலாம் தரம் அவ சொல்லவில்லை. கொஞ்ச நாளில் பக்கத்துக் கடைக்குப் போயிட்டா, அவவைத் தேடி வாற ஆட்களும் பின்னாலேயே போச்சினம். கடை இழந்தது எவ்வளவு என்று எந்த பில் புத்தகத்திலும் இருக்காது.

இதைக் கணக்குப் பார்த்த ஒருவர் ஹென்றி ஃபோர்ட். 1913இல் சுமார் 14,000 பேர் வேலைக்கு நிற்பதற்காக அவருடைய தொழிற்சாலை 50,000க்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. வருவதும் போவதுமாக, பழக்கிய ஆள் பழக்கிய கையோடு போய்க்கொண்டிருந்தார். 1914 ஜனவரியில் நாள்கூலியை 5 டொலராக்கி, வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்தார். ஆட்கள் நின்றார்கள். மனிசன் ஒன்றும் புண்ணியவான் இல்லை. தொழிலாளிகளின் வீட்டுக்குள்ளேயே ஆள் அனுப்பி வேவு பார்த்தவர். ஆனா கணக்குத் தெரிந்தவர்.

எங்கட கடைகளில் கணக்குக்குப் பதிலாக ஒரு வசனம் இருக்கு: “நாங்கள் எல்லாம் ஒரே குடும்பம்.” ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் 18 வயதில் வந்து, கடைக்கு மேல் மாடியில் படுத்து, இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இழுக்கும் தம்பிக்குச் சொல்லப்படும் வசனம் அது. லீவு கேட்கும் நாளில் அவர் குடும்பம், சம்பளம் கூட்டிக் கேட்கும் நாளில் ‘தோட்டத்துப் பொடியன்’. நியமனக் கடிதம் கேட்டால், “என்ன தம்பி, எங்களில நம்பிக்கை இல்லையா?”

சட்டம் அந்தத் தம்பியின் பக்கம்தான் நிற்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் என்றால் ஓவர்டைம். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம். இது கட்டப்படாத கடையில், ஐந்து வருசம் நின்றவருக்கும் நேற்று வந்தவருக்கும் சேமிப்பில் வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் நிற்க வேண்டும்?

முதலாளிமாரின் பாடும் லேசில்லை என்று தெரியும். காலி வீதி வாடகை, 2022க்குப் பிறகு எகிறின கரண்ட் பில், 18 வீத வற் எல்லாம் உண்மை. 15 வீதம் கூடக் கட்டுவது சின்னக் கடைக்குச் சுமைதான். ஆனா இரண்டு மாதத்துக்கு ஒருக்கா புது ஆள் பழக்குவதும் செலவுதானே? அதை மட்டும் ஏன் ஒருவரும் எழுதிவைப்பதில்லை?

வெள்ளவத்தைக்கு இது புதுக்கதையுமில்லை. இப்ப ஹவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கும் காணியில் முந்தி வெள்ளவத்தை நூல் நூற்பு, நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கே சம்பள வெட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் கேரளத்திலிருந்து வந்தவர்கள். அவர்களோடு நின்றவர்கள் கொல்வின் ஆர். டி சில்வா முதலான இளைஞர் கழகத்துக்காரர். தொழிற்சங்கத் தலைவரான ஏ.ஈ. குணசிங்கவோ எதிர்ப்பக்கம் நின்று, சிங்களத் தொழிலாளரை அந்த இடத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். உலகப் பொருளாதார மந்தக் காலம். “நீ போனால் இன்னொருத்தன்” என்று சொல்ல முடிந்த காலம்.

இப்ப அந்த வசனம் செல்லாது. 2022இல் மட்டும் வெளிநாட்டு வேலைக்கென்று 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த நாட்டைவிட்டுப் போனார்கள். முதலாளி போட்டி போடுவது பக்கத்துக் கடையோடு மட்டுமில்லை, கட்டாரோடும் டுபாயோடும்தான்.

தீபாவளிக்கு ஒரு கேக், பெயர் போட்ட ரீசேட் என்று சில இடங்களில் தொடங்கியிருக்கிறார்கள். கேக் நல்லதுதான், நாங்களும் சாப்பிடுவோம். ஆனா அதற்கு முதல் கடிதம், சேமலாப நிதி இலக்கம், உட்கார ஒரு கதிரை. 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டமே திருத்தினார்கள், அதுவரை தி.நகர்க் கடைகளிலும் நின்றபடியேதான். கதிரைக்கு எவ்வளவு செலவாகும்? அந்த பிளவுஸ் சைஸைக் கேட்டு எழுதிவைக்க எவ்வளவு?

அடுத்த முறை உடுப்பு எடுக்கப் போகும்போது, போன வருசம் எங்களுக்கு எடுத்துக் காட்டின அதே அக்கா எந்தக் கடையில் இன்னும் நிற்கிறா என்று பாருங்கள். நாங்கள் அங்கேதான் வாங்கப் போறம்.