புகையை மட்டும் பார்த்தால் போதுமா?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நம் பிள்ளைகளில் சிலர் டியூஷன் முடிந்ததும் தேநீர்க் கடையோரம் சிகரெட் பற்றவைக்கிறார்கள். செய்தி எட்டியதும் வீட்டில் அடி விழுகிறது. “ஈமான் இல்லாதவன்” என்ற ஏச்சும் விழுகிறது. அவன் உறக்கமின்றிக் கழித்த இரவுகளைப் பற்றி எவரேனும் கேட்டதுண்டா?

பதற்றமும் மனச்சோர்வும் உள்ள இளைஞரைப் புகையிலை எளிதில் பற்றிக்கொள்கிறது. நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை அடைந்து நிம்மதி தருவதுபோல் காட்டும்; பழகியபின் அது கிடைக்காத நேரமே புதிய பதற்றமாகும்.

18 வயதுக்குட்பட்டோருக்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மீறும் கடைக்காரரை ஜமாஅத் நிர்வாகிகள் தட்டிக்கேட்கட்டும். ஆயினும் கடையை அடைத்ததால் மட்டும் மனப்புண் ஆறிவிடாது.

மனநோயை ஈமானின் குறை என்போர் சிந்திக்கட்டும்: கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிய நபி (ஸல்) அவர்களே, நோய்க்கு மருத்துவம் செய்யுமாறும் ஏவினார்கள். துஆவுக்கும் மருத்துவத்துக்கும் என்ன பகை? அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பெற்றோரே, கை ஓங்குமுன் பிள்ளையை அருகில் அமர்த்திக் கேளுங்கள். அல்லாஹ் நம் சந்ததியைக் காப்பானாக. ஆமீன்.